எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்தால் நியாயம் ஆகிவிடுமா? வேலைவாய்ப்புச் சமத்துவம்: ஓர் எளிய விளக்கம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்த்துவந்தார் டோனி மெயோரின் என்ற பெண். வேலையில் அவர்மீது புகார் எதுவும் இல்லை. மாகாண அரசு புதிதாக உடற்தகுதித் தேர்வுகளைக் கொண்டுவந்தது. வலிமையைச் சோதிக்கும் தேர்வுகளில் அவர் தேறினார். ஒன்றில் மட்டும் தவறினார்: 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். நான்கு முறை முயன்றும் அவரது சிறந்த நேரம் 11 நிமிடம் 49.4 விநாடி. வேலை போயிற்று.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம், ஒரே நேரம். பார்த்தால் பாரபட்சமே இல்லாத தேர்வு. ஆனால் வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போனபோது வேறு படம் தெரிந்தது. முதல் முயற்சியில் இந்தத் தேர்வில் தேறிய ஆண்கள் 65 முதல் 70 விழுக்காடு. பெண்கள் 35 விழுக்காடு. பயிற்சி எடுத்தால் பெரும்பாலான ஆண்கள் அந்த அளவை எட்டிவிடுவார்கள், பெரும்பாலான பெண்களால் எட்ட முடியாது. இது உடலியல் வேறுபாடு. அது மட்டுமே தேர்வைத் தவறாக்கிவிடவில்லை. 11 நிமிடத்தில் ஓடாத ஒருவரால் தீயைப் பாதுகாப்பாக அணைக்க முடியாது என்பதை அரசால் நிரூபிக்க முடியவில்லை என்பதுதான் தேர்வைக் கவிழ்த்தது. 1999 செப்டம்பரில் வந்த தீர்ப்பு அவரை மீண்டும் வேலையில் அமர்த்தி, இழந்த சம்பளத்தையும் கொடுக்கச் சொன்னது.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ‘நியாயம்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது கடினம். அதில் கெட்டவர் என்று யாரும் இல்லை. பெண்களை வெளியே தள்ள வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. விதி எழுதப்பட்ட விதத்திலேயே பாகுபாடு உட்கார்ந்திருந்தது. இதைத்தான் அமைப்புவழிப் பாகுபாடு என்கிறோம்.

சொல் எங்கிருந்து வந்தது

‘வேலைவாய்ப்புச் சமத்துவம்’, அதாவது வேலையில் சில குழுக்களுக்கு இருக்கும் தடைகளைத் தேடி நீக்குவது, கனடாவில் பிறந்த கருத்து. நீதிபதி ரோசலி அபெல்லா தலைமையிலான அரச ஆணையம் 1984-ல் கொடுத்த அறிக்கை இதற்கு வித்திட்டது. ஒதுக்கப்பட்ட குழுக்களுக்கு வாய்ப்பளிக்க எடுக்கும் தனி முயற்சிக்கு அமெரிக்காவில் வழங்கிய ‘உறுதிப்படுத்தும் நடவடிக்கை’ (affirmative action) என்ற சொல்லைக் கேட்டாலே சண்டை மூண்டுவிடும் காலம் அது. ஆகவே புதிய பெயர் ஒன்றை ஆணையம் தேர்ந்தெடுத்தது. அறிக்கையின் சாரம் இது: சில நேரம் வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் நடத்துவது சமத்துவம், சில நேரம் வேறுபாட்டுக்கு இடம் கொடுத்து நடத்துவது சமத்துவம். எப்போது எது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

1986-ல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1995-ல் மாற்றி எழுதப்பட்ட சட்டம். அது நான்கு குழுக்களைக் குறிப்பிடுகிறது: பெண்கள், கனடாவின் பூர்வகுடிகள், மாற்றுத்திறனாளிகள், காணக்கூடிய சிறுபான்மையினர். கடைசிக் குழுவைப் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வரும். அது குடியேறியவர்களுக்கான பிரிவு இல்லை. நிறத்தையும் இனத்தையும் வைத்து வரையறுக்கப்பட்டது. டொரன்டோவின் ஸ்கார்பரோவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அதில் வருவார். போன மாதம் உக்ரைனிலிருந்து வந்திறங்கிய வெள்ளையர் வரமாட்டார். கறுப்பினத்தவரையும் பால்புதுமையினரையும் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) தனிக் குழுக்களாகச் சேர்க்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் வெளியான மீளாய்வுக் குழு அறிக்கை பரிந்துரைத்தது.

சட்டம் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தாது. மத்திய அரசுத் துறைகள், மத்திய ஒழுங்குமுறைக்குள் வரும் 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் கொண்ட நிறுவனங்கள் (வங்கி, விமானம், ரயில், தொலைத்தொடர்பு, வானொலி, தொலைக்காட்சி போன்றவை) ஆகியவற்றுக்கு நேரடியாகப் பொருந்தும். 100 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனம் மத்திய அரசோடு 10 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தம் எடுத்தால் அதற்கும் இணையான கடமை உண்டு. தெருமுனை மளிகைக் கடைக்கு இந்தச் சட்டம் கிடையாது. ஆனால் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் மாகாண மனித உரிமைச் சட்டம் அந்தக் கடைக்கும் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது: ஒன்று ‘கெடுதல் செய்யாதே’ என்கிறது, மற்றது ‘ஏற்கெனவே இருக்கும் தடையைத் தேடிப் பிடித்து எடு’ என்கிறது.

கணக்குப் போடும் விதம்

முதலாளி செய்ய வேண்டிய முதல் வேலை எண்ணுவது. ஊழியர்களிடம் சுய அடையாளப் படிவம் கொடுக்கப்படும். எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று சொல்வது ஊழியரின் விருப்பம். கட்டாயப்படுத்த முடியாது, விவரம் இரகசியமாக இருக்க வேண்டும். இங்கேதான் முதல் ஓட்டை. ‘இதை எதற்குக் கேட்கிறார்கள், பதவி உயர்வில் கை வைக்கவா?’ என்ற பயத்தில் பலர் காலியாக விட்டுவிடுவார்கள், குறிப்பாக வெளியே தெரியாத உடற்குறை உள்ளவர்கள். அப்போது இல்லாத இடைவெளி இருப்பதாகக் கணக்கு காட்டும். படிவத்தோடு எதற்காக, யார் பார்ப்பார்கள், எங்கே வைக்கப்படும் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தாலே பதில்கள் கூடும்.

அடுத்து ஒப்பீடு. வேலைகள் 14 தொழில் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் நிறுவனத்துக்குள் இருப்பவர்களின் விழுக்காட்டை, அந்த வேலைக்குத் தகுதியோடு வெளியே கிடைக்கக்கூடியவர்களின் விழுக்காட்டோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிடுவது தவறு. மக்கள்தொகையில் பாதிப் பேர் பெண்கள் என்பதற்காக ரயில் இழுவை இயந்திர மெக்கானிக்குகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

உதாரணத்துக்கு, ஒரு நிறுவனத்தில் 80 தொழில்நுட்பப் பணியாளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் பெண்கள் 6 பேர். வெளியே அந்தத் தகுதியோடு கிடைப்பவர்களில் பெண்கள் 18 விழுக்காடு என்றால், எதிர்பார்க்கக்கூடியது 14 பேர். இடைவெளி 8. இந்த எட்டைக் கண்டுபிடித்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். உண்மையில் கேள்வியே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: எங்கே ஒழுகுகிறது? விண்ணப்பிக்கவே வரவில்லையா, வந்தவர்கள் முதல் வடிகட்டலில் போனார்களா, நேர்காணலில் போனார்களா, சேர்ந்து இரண்டாண்டில் விட்டுப் போனார்களா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆட்கள் விட்டுப்போகும் நிறுவனத்தில் விளம்பரத்துக்குச் செலவு செய்வது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதுதான்.

எந்தக் கட்டத்தில் ஒழுகுகிறது என்று பார்க்க ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. 1978-ல் அமெரிக்க வழிகாட்டு விதிகளில் வந்த ‘ஐந்தில் நான்கு’ கணக்கு. கனடாவில் அது சட்டமில்லை. ஆனாலும் கணக்காகப் பயன்படும். ஒரு குழுவின் தேர்ச்சி விகிதத்தை, அதிகத் தேர்ச்சி பெற்ற குழுவின் விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். 80 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மெயோரின் தேர்வுக்குப் போட்டுப் பார்த்தால், 35-ஐ 65-ஆல் வகுக்க ஏறக்குறைய 54. எச்சரிக்கை மணி பலமாகவே அடித்திருக்கும். ஆனால் நான்கைந்து பேர் மட்டும் வந்த நேர்காணலுக்கு இதைப் போடாதீர்கள். ஓர் ஆள் மாறினாலே விழுக்காடு தலைகீழாகும். சிறிய நிறுவனம் என்றால் இரண்டு மூன்று ஆண்டு விவரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

‘அப்படியானால் இது ஒதுக்கீடுதானே?’ என்று கேட்பார்கள். இல்லை. நிறுவனம் தானே எண்ணிக்கை இலக்கும் காலமும் வைத்துக்கொள்கிறது. நியாயமான முயற்சி செய்தும் எட்டாவிட்டால் அதற்காகத் தண்டனை கிடையாது. தகுதியில்லாதவரை எடு என்றோ, தாங்க முடியாத சிரமத்தை ஏற்றுக்கொள் என்றோ, தேவையில்லாத வேலையை உருவாக்கு என்றோ கட்டளையிட முடியாது. ஒதுக்கீட்டைத் திணிப்பதையும் சட்டமே தடுக்கிறது. இந்தியாவின் இடஒதுக்கீட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் இரண்டுமே புரியாமல் போகும்.

ஆள் எடுக்கும்போது எங்கே தவறுகிறது

தவறு பெரும்பாலும் விளம்பரம் எழுதும்போதே தொடங்கிவிடுகிறது. பழைய விளம்பரத்தை எடுத்துத் தேதியை மாற்றிப் போடுவதுதான் வழக்கம். ஐந்து ஆண்டுக்கு முன் யாரோ சேர்த்த ‘ஓட்டுநர் உரிமம் அவசியம்’ அப்படியே தொடரும். வேலையில் வண்டி ஓட்டவே தேவையில்லை என்றால், பார்வைக் குறைபாடோ வலிப்பு நோயோ உள்ளவரை அந்த ஒரு வரி காரணமில்லாமல் வெளியே நிறுத்துகிறது. ‘50 பவுண்டு தூக்க வேண்டும்’ என்பதும் அப்படித்தான். மாதத்துக்கு ஒருமுறை தூக்குவதா, நாள்தோறுமா? தள்ளுவண்டி உண்டா? ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே, வேலையின் எந்தப் பணிக்கு இது தேவை என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாத தகுதியை அடித்துவிடலாம். மிச்சம் இருப்பதில் சேரும் நாளிலேயே வேண்டியவை, சேர்ந்தபின் ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை என்று பிரித்தால் பட்டியல் இன்னும் சுருங்கும்.

‘கனடிய அனுபவம்’ தனிக்கதை. வேறு நாட்டில் பத்தாண்டு கணக்கு எழுதியவருக்கு இங்கே கணக்கெழுதத் தெரியாது என்று மறைமுகமாகச் சொல்லும் சொல் அது. இதைக் கட்டாயமாகக் கேட்பது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு என்று ஒன்டாரியோ மாகாண மனித உரிமை ஆணையம் 2013-ல் கொள்கையாகச் சொன்னது. இப்போது அது வேலைச் சட்டத்துக்குள்ளும் வந்திருக்கிறது: 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் கொண்ட நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது, சம்பளத்தையோ சம்பள வரம்பையோ சொல்ல வேண்டும், விண்ணப்பங்களை வடிகட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும், நேர்காணலுக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா இல்லையா என்று தெரிவிக்க வேண்டும். வரிவிதி தெரிந்திருக்க வேண்டும் என்றால் ‘கனடிய வருமானவரி விதிகளில் பரிச்சயம்’ என்று கேளுங்கள். அதைப் படித்துத் தெரிந்துகொண்டவரும் விண்ணப்பிக்க முடியும்.

வடிகட்டும் கட்டத்தில் பெயர் வேலை செய்கிறது. டொரன்டோவில் வந்த இணைய விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிய ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. இந்திய, பாகிஸ்தானிய, சீன, கிரேக்கப் பெயர்களுக்கு ஆங்கிலப் பெயர்களைவிட அழைப்புகள் குறைவாக வந்தன. ஏன் என்று கேட்டபோது ஆள் எடுப்பவர்கள் மொழித்திறனைக் காரணம் காட்டினார்கள். ஆனால் விண்ணப்பத்திலேயே சரளமாகப் பேசுவேன் என்று எழுதியிருந்தும் அந்த இடைவெளி குறையவில்லை. காரணம் கேட்டால் நம் மனம் உடனே ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கும். அது உண்மையான காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை.

சரி, பெயரை மறைத்துவிட்டால்? கனடா மத்திய அரசின் பொதுப்பணி ஆணையம் 2017-ல் பெயர் மறைத்த வடிகட்டலைச் சோதித்துப் பார்த்தது. காணக்கூடிய சிறுபான்மையினருக்கு அதனால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சோதனை நடப்பது மதிப்பிடுபவர்களுக்குத் தெரிந்திருந்ததால், அவர்கள் வழக்கத்தைவிடக் கவனமாக நடந்திருக்கக்கூடும். அதுவுமின்றி, பெயரை மறைத்தாலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்ற வரி அங்கேயே இருக்கும். இடையில் பத்து மாத மகப்பேற்று விடுப்பும் தேதிகளில் தெரியும். பெயரை மறைப்பதில் கெடுதல் இல்லை; அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் கெடுதல்.

இயந்திரத்திடம் கொடுத்தால் பாரபட்சம் போய்விடும் என்பது இன்னொரு நம்பிக்கை. அமேசான் உருவாக்கிப் பார்த்த விண்ணப்ப மதிப்பீட்டு மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களுக்கு மதிப்பைக் குறைத்ததும், அதனால் கைவிடப்பட்டதும் 2018-ல் செய்தியாக வந்தது. பெரும்பாலும் ஆண்களே அனுப்பிய பழைய விண்ணப்பங்களைக் காட்டித்தான் அதற்குப் பாடம் நடத்தியிருந்தார்கள்.

நேர்காணலைக் கட்டுக்குள் கொண்டுவருவது

நிறுவனத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இங்கே செய்யுங்கள். சும்மா பேசிப் பார்த்து ஆள் எடுக்கும் நேர்காணலைவிட, கேள்வியும் மதிப்பெண்ணும் முன்கூட்டியே எழுதப்பட்ட நேர்காணல், ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்பதைக் கூடுதலாகச் சரியாகக் காட்டுகிறது. ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இது.

செய்முறை இப்படி. வேலைக்கு முக்கியமான நான்கைந்து திறன்களை எடுத்து, ஆறு கேள்விகள் எழுதுங்கள்; 45 நிமிடத்துக்கு அதுவே போதும். ஒவ்வொரு கேள்விக்கும் 1, 3, 5 மதிப்பெண்ணுக்கான பதில் எப்படி இருக்கும் என்று விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். வங்கிக் கிளை வேலைக்கு ஒரு கேள்வி: ‘தான் எடுக்காத பணம் கணக்கிலிருந்து போயிருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் கோபமாக வருகிறார். என்ன செய்வீர்கள்?’ மேலாளரிடம் அனுப்பிவிடுவேன் என்றால் 1. பொறுமையாகக் கேட்டு, கணக்கைச் சரிபார்ப்பேன் என்றால் 3. அதோடு முதலில் அட்டையை முடக்கி, அடுத்து என்ன நடக்கும், எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குச் சொல்லி, பதிவும் செய்வேன் என்றால் 5. எல்லோரிடமும் இதே கேள்விகள், இதே வரிசையில். முடிந்தால் கேள்விகளை அரை மணி முன்பே கையில் கொடுத்துவிடலாம். வேலையில் உடனடிப் பதில் தேவையில்லை என்றால் நேர்காணலில் மட்டும் அதை ஏன் சோதிக்க வேண்டும்?

குழுவில் மூன்று பேர் இருந்தால் நல்லது. ஆள் வெளியே போனதும் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது; அவரவர் மதிப்பெண்ணை அவரவர் எழுதி முடிக்க வேண்டும். இதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். கதவு மூடியதும் மூத்த அதிகாரி ‘நல்ல பொடியன், இல்லையா?’ என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், மற்ற இருவரின் பேனாவும் அந்தப் பக்கம் சாயும். ஒருவர் 5, இன்னொருவர் 2 போட்டிருந்தால் சராசரி எடுத்துவிட்டு நகராதீர்கள். விண்ணப்பதாரர் சொன்ன எந்த வாக்கியத்துக்கு அந்த மதிப்பெண் என்று குறிப்பைப் பார்த்துப் பேசுங்கள்.

‘நம்ம டீமுக்குச் சரிவரமாட்டார்’ என்ற தீர்ப்பை மட்டும் குறிப்பில் விடாதீர்கள். அதற்குள் எதையும் ஒளித்து வைக்கலாம். சொன்னவரிடம், எந்த வேலையில், என்ன செய்யமாட்டார் என்று கேளுங்கள். ‘பிழை இருந்தால் மேலதிகாரியிடம் சொல்வது பற்றிய கேள்விக்கு அவரிடம் உதாரணம் இல்லை’ என்று பதில் வந்தால் அது மதிப்பிடக்கூடியது. ‘ஏதோ ஒரு மாதிரி’ என்றால் அது மதிப்பெண் இல்லை. மதிப்பெண் வந்த பிறகு திறன்களின் எடையை மாற்றுவதும் இதே தந்திரந்தான். பிடித்தவர் ஜெயிக்கும் வரை கணக்கைத் திருத்துவது.

கேட்கக் கூடாத கேள்விகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்துகொள்ள வேண்டியது எதுவோ அதை நேராகக் கேட்கப் பழகுவது எளிது. எந்த நாட்டுக்காரர் என்று கேட்காதீர்கள். கனடாவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா என்று கேளுங்கள். குழந்தைகள் இருக்கிறார்களா என்பதற்குப் பதிலாக, சனிக்கிழமை காலை 6 மணி ஷிஃப்டுக்கு வர முடியுமா என்று எல்லோரிடமும் கேளுங்கள். ‘உடம்புக்கு ஏதாவது?’ வேண்டாம், நேர்காணலுக்கு ஏதாவது வசதி தேவையா என்று அழைப்புக் கடிதத்திலேயே எல்லோருக்கும் எழுதுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளர், பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள், கூடுதல் நேரம் என்று யாராவது கேட்டால், தாங்க முடியாத சிரமம் என்று காட்டினால் ஒழிய முதலாளி செய்து கொடுக்க வேண்டும். ‘எங்களுக்குக் கொஞ்சம் தொந்தரவு’ என்பது தாங்க முடியாத சிரமம் ஆகாது.

தெரிந்தவர் சிபாரிசு பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களின் தொழில்களில் பல இடங்கள் அப்படித்தான் நிரம்புகின்றன. அதில் நன்மையும் உண்டு. ஆனால் இருக்கிற ஊழியர்கள் தங்களைப் போன்றவர்களையே கூட்டி வருவார்கள். சிபாரிசில் வருபவரும் அதே விண்ணப்பம், அதே ஆறு கேள்வி, அதே மதிப்பெண் தாள் வழியாக வந்தால் சிக்கல் பெருமளவு தீரும்.

மறுபக்கத்தில் இருப்பவருக்கு

விண்ணப்பிக்கும்போதே விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பியதும் இணையத்திலிருந்து காணாமல் போய்விடும். நேர்காணலில் சங்கடமான கேள்வி வந்தால் அன்றே தேதி, கேட்டவரின் பதவி, கேட்ட சொற்கள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். புகார் எங்கே என்பது முதலாளியைப் பொறுத்தது. வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போன்றவை என்றால் கனடிய மனித உரிமை ஆணையம். உணவகம், தொழிற்சாலை, கடை, மருத்துவமனை போன்றவை மாகாண அமைப்பிடம். ஒன்டாரியோவில் அது மனித உரிமைத் தீர்ப்பாயம். கனடிய ஆணையத்துக்கும் ஒன்டாரியோ தீர்ப்பாயத்துக்கும் சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். தவறான இடத்தில் கொடுத்து, அது திரும்பி வருவதற்குள் அந்த ஓர் ஆண்டைத் தொலைப்பவர்கள் உண்டு. ஆகவே முதலாளி மத்திய ஒழுங்குமுறைக்குள் வருகிறாரா என்பதை முதல் வாரத்திலேயே உறுதிசெய்யுங்கள்.

பாகுபாடுதான் முழுக் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பல காரணங்களில் அதுவும் ஒன்றாக இருந்தாலே போதும். அந்தத் தொடர்பு ஓரளவு தெரிந்துவிட்டால், விளக்கம் சொல்ல வேண்டியது முதலாளி. அப்போது அவர் கையில் மூன்று பேர் தனித்தனியாக எழுதிய மதிப்பெண் தாள் இருக்கிறதா, வெறும் ஞாபகம் மட்டும் இருக்கிறதா என்பதில் வழக்கின் பாதி தங்கியிருக்கிறது.